பாதை திறக்கும் படை: போர்க்களப் பொறியாளர் கவசம் பூண்ட வரலாறு

ஆண்டுதோறும் ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் தலைநகரில் நிகழும் குடியரசு நாள் அணிவகுப்பை நம் காலனிக் குடும்பங்கள் ஒருங்கு கூடிக் கண்டு களிப்பது வழக்கம். பீடுநடை போடும் படைகளும் நெடுங்குழல் நீட்டிய டாங்கிகளும் செல்லும் அவ்வரிசையில், மடித்த பாலம் ஒன்றை முதுகிற் சுமந்து செல்லும் விந்தையான டாங்கி ஒன்றும் சில ஆண்டுகளில் இடம் பெறுவதுண்டு. அதனைக் காணும் சிறுவர், "பாலம் கட்டுவது பொறியாளர் வேலை ஆயிற்றே; அது ஏன் டாங்கியின் முதுகில் ஏறிற்று?" என்று வினவுவர்.

வினா சிறிது, விடையோ பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது. அவ்விடையினை நம் இல்லத்து இளையோர்க்கும், படைத்துறையிற் பணியாற்றி ஓய்வு பெற்று நம்மிடையே வாழும் பெரியோர்க்கும் பொதுவாக இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அரணும் பொறியும்

அரணை முற்றுதலும் அதனைக் காத்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. உழிஞை என்றும் நொச்சி என்றும் இவற்றிற்குத் திணை வகுத்தவர் நம் முன்னோர். காவற்காடு, அகழி, மதில், வாயிற்கதவு எனத் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காட்டை வெட்டுவோரும், அகழியைத் தூர்ப்போரும், மதிலில் ஏணி சார்த்துவோரும் முன்னே சென்றாலன்றி வேலேந்திய வீரன் உள்ளே புகுதல் இயலாது. கதவை உடைக்கும் பணி யானைக்கு உரியதாயிற்று. கதவைக் குத்திக் கோடு முறிந்த களிறுகளைச் சங்கப் புலவர் பலவிடத்தும் பாடியுள்ளனர். மதில்மேல் நின்று பகைவரைத் தாக்கும் கருவிகளுக்குப் 'பொறி' என்று பெயர். மதுரை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் நிரல்பட உரைக்கின்றது. இன்று நாம் வழங்கும் 'பொறியாளர்' என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்து கிளைத்ததேயாம்.

காலம் மாறினும் ஓர் உண்மை மாறவில்லை. தடையை நீக்குபவன் தாக்குபவனுக்கு முன்னே செல்கின்றான். அவன் இரு கைகளும் வேலையில் ஈடுபட்டிருக்கின்றன. ஆதலின், எல்லோரினும் பகைவனுக்கு மிக அண்மையில் நிற்கும் அவனே தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனாகவும் இருக்கின்றான். இம்முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது என்பதே நாம் ஈண்டுக் கூறப் புகும் வரலாற்றின் கரு.

தம்பிமார் படை

இந்தியப் படையில் இப்பணியை மேற்கொள்வோர் 'சாப்பர்' எனப்படுவர். அவர்களுள் தொன்மை வாய்ந்தோர் சென்னை சாப்பர்கள். 1780-ஆம் ஆண்டில் சென்னையில் திரட்டப்பட்ட பயனியர் கம்பெனிகள் இரண்டிலிருந்து வளர்ந்தது அப்படை. அதன் தலைமையிடம் பெங்களூரில் உள்ளது. அப்படையினர்க்குப் படைத்துறை முழுவதும் வழங்கும் செல்லப் பெயர் 'தம்பி' என்பதாகும். தமிழ் அறியாத அதிகாரியும் அவர்களைத் 'தம்பி' என்றே அழைப்பதைக் கேட்குங்கால் நம் நெஞ்சம் குளிர்கின்றது.

1912-ஆம் ஆண்டில் அப்படையைச் சேர்ந்த காப்டன் மக்ளின்டாக் என்பார் பெங்களூரில் ஒரு கருவியை அமைத்தார். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி நீளமாக்கி, பகைவனின் முள்வேலிக்கு அடியிற் செலுத்தி வெடிக்கச் செய்வது அது. 'பெங்களூர் டார்ப்பிடோ' என்று உலகப் படைகள் எல்லாம் இன்றளவும் அதனை அழைக்கின்றன. இக்கருவியின் நோக்கம் யாது? வேலியை அறுக்கச் செல்பவன் வேலியருகே எழுந்து நிற்க வேண்டாம். சற்றுத் தொலைவிற் கிடந்தபடியே அதனை அறுக்கலாம். பாதை திறப்பவனின் உயிரைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்குழாயிலேயே அடங்கியிருந்தது.

ஆயினும், முதல் உலகப் போரில் டாங்கி தோன்றிய பின்னர் நிலைமை மாறிற்று. டாங்கியினுள் இருப்பவனுக்கு எஃகுச் சுவர் காப்பு. அவனுக்கு வழி செய்யும் சாப்பருக்கோ மேற்சட்டை ஒன்றே காப்பு! டாங்கியைத் தடுப்பதற்கெனக் கண்ணிவெடிகளும் கான்கிரீட்டுச் சுவர்களும் ஆழ்குழிகளும் பெருகப் பெருக, அவற்றை நீக்கும் சாப்பரின் துன்பமும் பெருகிற்று.

டியப் கடற்கரை

இத்துன்பம் உலகறிய வெளிப்பட்ட நாள் 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாளாகும். செர்மானியர் வசமிருந்த பிரெஞ்சுத் துறைமுகமாகிய டியப்பின் மீது நேசப் படைகள் அன்று விடியற்காலையில் ஒரு திடீர்த் தாக்குதல் நடத்தின. தாக்கச் சென்றவருள் ஏறத்தாழ 5,000 பேர் கனடிய வீரர்கள். அவர்களுக்குத் துணையாகச் சர்ச்சில் என்னும் வகை டாங்கிகளும் கரையிறக்கப் பெற்றன.

அக்கரையில் மணல் இல்லை. உருண்டைக் கூழாங்கற்களே குவிந்து கிடந்தன. டாங்கிகள் சிலவற்றின் சங்கிலித் தடங்கள் அக்கற்களிற் சிக்கி அறுந்தன. தப்பியவற்றுள் ஒரு பகுதி கடற்சுவரைக் கடந்து மேலேறின. ஆயினும், அங்கிருந்து நகருக்குள் செல்லும் தெருக்களின் வாயில்களைக் கான்கிரீட்டுத் தடைகள் அடைத்திருந்தன. அவற்றை வெடிவைத்துத் தகர்ப்பதற்கெனச் சாப்பர்கள் வெடிமருந்துச் சுமைகளோடு கரையிறங்கினர். திறந்த வெளியில், எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் பொழிய, முதுகிற் சுமையோடு ஓடும் மனிதன் எத்தனை அடி ஓடுவான்? தடைகளை அடையுமுன்னரே அவர்கள் வீழ்ந்தனர். தடைகள் தகர்க்கப்படவில்லை. ஒரு டாங்கியேனும் நகருக்குள் நுழையவில்லை. ஒரு காலைப் பொழுதிற்குள் கனடியர் 907 பேர் மாண்டனர். 1,900-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

டாங்கிகளின் எஃகு உறுதியாகத்தான் இருந்தது. வெடிமருந்தும் போதிய அளவு இருந்தது. வெடிமருந்தைத் தடையின் அடியிற் கொண்டு சேர்க்கும் மனிதனுக்கு மட்டும் காப்பு இல்லை. அந்த ஒரு குறையால் மற்ற அனைத்தும் பயனிழந்தன.

இதனை எண்ணி வருந்தியவருள் ஒருவர் டெனோவன் என்னும் கனடியப் பொறியியற் படை லெப்டினன்டு. சாப்பரையும் அவன் கருவிகளையும் டாங்கியினுள்ளேயே ஏற்றிச் சென்றால் என்ன என்று அவர் எண்ணினார். சர்ச்சில் டாங்கி உள்ளே இடமகன்றது. பக்கங்களிற் கதவுகளும் உடையது. அதன் பீரங்கியை அகற்றிவிட்டு, 290 மில்லிமீட்டர் வாயுடைய குட்டையான எறிகுழாய் ஒன்றைப் பொருத்தினர். அது சுமார் 40 இராத்தல் எடையுள்ள குண்டை ஏறத்தாழ 80 கெஜத் தொலைவுக்கு வீசிக் கான்கிரீட்டைத் தகர்க்கும். அக்குண்டின் பருத்த வடிவைக் கண்ட வீரர்கள் அதற்குப் 'பறக்கும் குப்பைத் தொட்டி' எனப் பெயரிட்டனர். வண்டிக்கு ஏ.வி.ஆர்.இ. என்னும் பெயர் அமைந்தது. பொறியியற் படையின் தாக்குதல் வண்டி என்பது அதன் பொருள். உடைக்கும் குழாயே அன்றி, குழியைத் தூர்க்கும் பெரிய சுள்ளிக்கட்டு, 30 அடி இடைவெளியைக் கடக்கும் இரும்புப் பாலம், சேற்றின் மேல் விரிக்கும் நீண்ட துணிப்பாய்ச் சுருள் ஆகியவற்றுள் வேண்டியதொன்றை வேண்டியபோது ஏந்திச் செல்லவும் அது வல்லதாயிற்று.

பாலைவனத்திற் சவுக்கு வண்டி

அதே 1942-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் எகிப்திலுள்ள எல் அலமெயினில் மற்றொரு முயற்சி நிகழ்ந்தது. செர்மானியத் தளபதி ரோமெல் அங்கே ஏறத்தாழ 4½ இலட்சம் கண்ணிவெடிகளைப் புதைத்துப் 'பேய்த் தோட்டங்கள்' அமைத்திருந்தார். அவற்றினூடே பாதை திறக்கும் பணியின் பெரும்பகுதியைச் சாப்பர்கள் நிலவொளியிற் கையாலேயே செய்தனர். போலந்து நாட்டுப் பொறியாளர் கொசாட்ஸ்கி கண்டுபிடித்த மின்கருவியைத் தரையின் மேல் அசைத்து, ஒலி கேட்ட இடத்தில் மண்டியிட்டு, விரலால் மண்ணைத் துழாவிக் கண்ணியை எடுக்க வேண்டும்.

அங்கேதான் 'ஸ்கார்ப்பியன்' எனப்பட்ட சவுக்கு டாங்கியும் முதன்முதலாகப் போருக்கு வந்தது. டாங்கியின் முன்னே ஓர் உருளை, உருளையிற் சங்கிலிகள். உருளை சுழலச் சங்கிலிகள் தரையை அறைந்து கண்ணிகளை வெடிக்கச் செய்யும். இதன் மூலக் கருத்து தென்னாப்பிரிக்கக் காப்டன் டு டாய்ட் என்பாருடையது. முதல் வண்டிகளில் உருளையை இயக்குபவன் டாங்கிக்கு வெளியே ஒரு பெட்டியில், புழுதிப் புயலுக்கு நடுவே அமர வேண்டியிருந்தது. எந்திரங்கள் சூடேறி நின்றன. குறைகள் பல இருப்பினும் கருத்துச் செம்மையானது என்பது தெளிவாயிற்று. பின்னர் ஷெர்மன் டாங்கியில் 43 சங்கிலிகளோடு அமைந்த 'கிராப்' என்னும் வண்டி இக்குறைகளைப் பெரிதும் நீக்கிற்று.

சோவியத்து நாட்டினரும் இதே காலத்தில் வேறு வழியிற் சென்றனர். டாங்கியின் முன்னே கனத்த இரும்பு உருளைகளைப் பூட்டித் தரையை அழுத்திக் கண்ணிகளை வெடிக்கச் செய்தனர். அவ்வுருளை டாங்கிகளை 1943 முதல் தனிப் பொறியியல் டாங்கி ரெஜிமெண்டுகளாகவும் அமைத்தனர்.

நைனிதாலிற் பிறந்த தளபதி

வண்டிகள் பிறந்துவிட்டன. அவற்றை எவரிடம் ஒப்படைப்பது? சாப்பர் படைக்கா, டாங்கிப் படைக்கா? ஒவ்வொரு டிவிஷனுக்கும் சில எனப் பகிர்வதா, ஓரிடத்திற் குவிப்பதா? கருவியைக் கண்டுபிடிப்பதினும் கடினமான வினா இதுவேயாம்.

இதற்கு விடை கண்டவர் சர் பெர்சி ஹோபார்ட். அவர் 1885-ஆம் ஆண்டில் நம் நாட்டின் நைனிதாலிற் பிறந்தவர். 1904-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பொறியியற் படையிற் சேர்ந்து, பின்னர் வங்காள சாப்பர் படையிற் பணியாற்றியவர். 1923-ஆம் ஆண்டில் டாங்கிப் படைக்கு மாறியவர். சாப்பரின் கையறிவும் டாங்கி வீரனின் வேகமும் ஒருவரிடமே கூடியிருந்தன. ஆயினும் அவருடைய கடிய நாவும் புதுமைக் கருத்துகளும் மேலோர்க்கு உவப்பாக இல்லை. எகிப்தில் ஒரு சிறந்த கவசப் படையைப் பயிற்றுவித்த அவர் 1940-ஆம் ஆண்டில் ஓய்வுக்கு அனுப்பப்பட்டார். மேஜர் ஜெனரலாக இருந்தவர் தம் ஊரிலே ஊர்க்காவற் படையில் லான்ஸ் கார்ப்பொரலாகச் சேர்ந்தார் என்பதைப் படிக்கும்போது, நகைப்பதா இரங்குவதா என்று நமக்குத் தோன்றவில்லை. பிரதமர் சர்ச்சில் தலையிட்டு அவரை மீண்டும் படைக்கு அழைத்தார்.

1943-ஆம் ஆண்டின் முற்பகுதியில், கலைக்கப்பட இருந்த 79-ஆம் கவச டிவிஷனைத் தனித்தொழிற் கவச வண்டிகளின் இல்லமாக மாற்றும் பொறுப்பைப் படைத் தலைவர் ஆலன் புரூக் அவரிடம் அளித்தார். ஹோபார்ட் உடனே இசையவில்லை. இது வெறும் பரிசோதனைக் கூடமா, களத்தில் நின்று போரிடும் டிவிஷனா என்று கேட்டார். போரிடும் டிவிஷனே என்னும் உறுதி பெற்ற பின்னரே ஏற்றுக்கொண்டார். எருதின் தலை அப்படையின் சின்னமாயிற்று.

அவர் அமைத்த ஒழுங்கு இது: சவுக்கு டாங்கிகள் 30-ஆம் கவசப் பிரிகேடின் மூன்று ரெஜிமெண்டுகளில் இருந்தன, அவற்றை டாங்கிப் படையினர் இயக்கினர். ஏ.வி.ஆர்.இ. வண்டிகள் முதலாம் தாக்குதற் பொறியியற் பிரிகேடின் 5, 6, 42-ஆம் ரெஜிமெண்டுகளில் இருந்தன; அவற்றிற் சென்றவர் சாப்பர்கள். தீ உமிழும் 'கிராக்கடைல்' டாங்கிகள் பின்னர் வந்து சேர்ந்தன. இவை அனைத்தும் ஒரே தளபதியின் கீழ், ஒரே பயிற்சியில், ஒரே பழுதுபார்ப்பு ஒழுங்கில் இருந்தன.

அண்டாவும் சங்கமும்

வியப்பு யாதெனின், இந்த டிவிஷன் ஒருநாளேனும் ஒரு டிவிஷனாகத் திரண்டு நின்று போரிட்டதில்லை. போர் வரும்போது அதன் பிரிவுகள் தாக்கச் செல்லும் வெவ்வேறு டிவிஷன்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. பணி முடிந்ததும் தாயகம் திரும்பின.

இதனை நம் வாழ்விலிருந்தே ஓர் எடுத்துக்காட்டாற் கூறலாம். நம் சங்கத்திற்கெனப் பெரிய அண்டாக்களும் ஜமக்காளங்களும் உள்ளன. காலனியில் ஒவ்வொரு வீட்டாரும் ஓர் அண்டா வாங்கி வைத்துக்கொண்டால் அது பரணிற் கிடந்து களிம்பேறும். ஆண்டிற்கு ஒருநாள் இறக்கும்போது ஓட்டை தெரியும். ஒரு வீட்டில் ஓர் அண்டா இருந்தாலும், திருமணத்திற்கு வேண்டுவன ஐந்தாயின், அவ்வொன்றாற் பயன் என்னை? மாறாக, எல்லாவற்றையும் சங்க அறையிற் பூட்டி வைத்துக் கொண்டு யார்க்கும் தாரோம் என்றாலும் பயனில்லை. ஆகவே சங்கம் அவற்றைச் சேர்த்து வைத்துப் பேணுகின்றது. வேண்டுவோர்க்கு வேண்டும் அளவு முழுமையாகக் கொடுக்கின்றது. எதனைக் கொண்டு எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று அறிந்த ஒருவரையும் உடன் அனுப்புகின்றது. விழா முடிந்ததும் திரும்பப் பெற்றுத் துலக்கி வைக்கின்றது.

ஹோபார்ட் செய்ததும் இதுவே. சிறு சிறு துளிகளாகப் பகிர்ந்தளித்தால் திறன் கெடும் என்பதை அவர் அறிவார். இவ்வண்டிகளின் வலிமையும் எளிமையும் அறியாத படைத்தலைவர், சவுக்கு டாங்கியை வெறும் பீரங்கி டாங்கியாகப் பயன்படுத்தி வீணாக்கக் கூடும் என்பதையும் அவர் அறிவார். ஆதலின் தம் அதிகாரிகளை ஆலோசகராகப் பிற படைகளின் தலைமையிடங்களுக்கு அனுப்பினார். தாக்குதலைத் திட்டமிடும் முதல் நாளிலேயே பாதை திறப்போனுக்கும் அவையில் ஓர் இருக்கை வேண்டும் என்பதே அதன் உட்பொருள். திட்டம் முடிந்த பின்னர் அவனை அழைத்து, "இங்கே ஒரு வழி செய்" என்று ஏவுவது டியப்பின் வழி.

மற்றொரு நுட்பமும் உண்டு. கரையில் ஒரு பாதையைத் திறக்கச் சவுக்கு டாங்கி மட்டும் போதாது. கண்ணி நீங்கிய இடத்தில் சுவர் நிற்கும். சுவரை உடைத்தால் குழி இருக்கும். ஆதலின் ஒவ்வொரு பாதைக்கும் சவுக்கு டாங்கியும், உடைக்கும் வண்டியும், பாலம் சுமப்பதும், சுள்ளிக்கட்டு ஏந்தியதும் கலந்த சிறு குழு ஒன்று அமைக்கப்பட்டது. டாங்கிப் படையினனும் சாப்பரும் வெவ்வேறு தொப்பி அணிந்தவராயினும், பல மாதம் ஒன்றாகப் பழகி ஒரு குடும்பமாயினர்.

பாலமாகிப் போன வண்டி

1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இவ்வொழுங்கு சோதிக்கப்பட்டது. பிரிட்டிஷ், கனடியப் படைகள் இறங்கிய மூன்று கரைகளிலும் இக்குழுக்கள் காலாட்படையோடு இறங்கின. சவுக்கு டாங்கி மணிக்கு ஒன்றே கால் மைல் வேகத்திலேயே தரையை அறைந்து செல்ல இயலும். பகைவர் பீரங்கிக்கு முன்னே அவ்வளவு மெல்லச் செல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

அன்று கனடியர் இறங்கிய கரையிற் கிரே சூர் மேர் என்னும் சிற்றூரின் அருகே நிகழ்ந்ததொன்றை இளையோர் நினைவிற் கொள்ள வேண்டும். 26-ஆம் தாக்குதற் பொறியியல் ஸ்குவாட்ரனின் ஏ.வி.ஆர்.இ. வண்டி ஒன்று வெள்ளம் நிறைந்த பெரும்பள்ளத்திற் சறுக்கி மூழ்கிற்று. அதன் குழுவினர் வெளியேறினர். வெளியேறிய பின் பகைவர் குண்டுவீச்சிற்கு ஆளாகி அவருட் சிலர் உயிர் துறந்தனர். பாதை அடைபட்டதே எனப் பின்வந்தோர் தயங்கவில்லை. மூழ்கிய வண்டியையே நடுத்தூணாகக் கொண்டு, அதன் மேற் பாலத்தைச் சாய்த்து, சுள்ளிக்கட்டால் எஞ்சிய இடத்தைத் தூர்த்து வழி அமைத்தனர். அவ்வழியே படைகள் உள்நாடு புகுந்தன. அவ்வண்டி 32 ஆண்டுகள் சாலையின் அடியிலேயே புதைந்து கிடந்தது. 1976-ஆம் ஆண்டில் அதனைத் தோண்டி எடுத்து அவ்வூரிலேயே நினைவுச் சின்னமாக நிறுத்தினர். பாதை திறக்க வந்தவன் தானே பாதையாகிப் போன கதை இது.

அமெரிக்கர் நீந்தும் டாங்கிகளை மட்டும் ஏற்று, ஏ.வி.ஆர்.இ. வண்டிகளை ஏலாது விட்டனர். ஒமாகா என்னும் கரையில் 16 பாதைகளைத் திறக்க அனுப்பப்பட்ட அவர்தம் பொறியாளர், காப்பின்றி நின்று பெருந்தொகையினராய் வீழ்ந்தனர். அக்கரையின் உயர்ந்த குன்றுகளும் காத்து நின்ற செர்மானியரின் வலிமையும் அவ்விழப்பிற்குக் காரணங்களே. ஆதலின் வண்டியின்மை ஒன்றே காரணம் என்பது நேர்மையாகாது. ஆயினும், எஃகுக்குப் பின்னே நின்று வேலை செய்தவனையும் வெறுங்கையோடு நின்றவனையும் ஒரே நாளில் உலகம் கண்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 10 முதல் 12 வரை லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இவ்வொழுங்கு முதிர்ந்த நிலையிற் காணப்பட்டது. கண்ணிவெடிப் புலமும் டாங்கித் தடுப்பு அகழியும் சூழ்ந்த அந்நகரை, சவுக்கு டாங்கிகளும் பாலம் சுமந்த வண்டிகளும் முன்செல்ல, இரு காலாட்படை டிவிஷன்கள் 48 மணி நேரத்திற்குட் கைப்பற்றின. 11,000-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தாக்கியோர் தரப்பிற் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் சேர்ந்து 500-க்கும் குறைவு. எனினும், அதற்கு முன் நகரின் மீது பொழியப்பட்ட விமானக் குண்டுகளால் ஏறத்தாழ 2,000 குடிமக்கள் மாண்டனர் என்பதை மறைத்தலாகாது. படைவீரனின் உயிரைக் காக்கும் கலை வளர்ந்த அளவு, குடிமகனின் உயிரைக் காக்கும் கலை அன்று வளரவில்லை.

போர் முடிந்ததும் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 79-ஆம் டிவிஷன் கலைக்கப்பட்டது. ஹோபார்ட் 1957-ஆம் ஆண்டிற் காலமானார். அவர் கண்ட ஒழுங்கு மட்டும் நிலைத்தது.

வண்டி செல்லாத வழி

வண்டிகள் எல்லா இடத்திற்கும் செல்ல வல்லன அல்ல. அதே 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், இத்தாலி நாட்டு மிஞ்ஞானோவில், சென்னை சாப்பர்களின் 11-ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் தம் சிறு குழுவோடு கண்ணிகளை அகற்றி வழி செய்து கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்தவர் அவர். குழுவில் ஒருவர் காலடியில் ஒரு கண்ணி தூண்டப்பட்டது. அவ்வகைக் கண்ணி தரையிலிருந்து மேலெழும்பி வெடித்து நாற்புறமும் இரும்புத் துண்டுகளைச் சிதறுவது. வெடிக்குமுன் கிடைப்பன சில நொடிகளே. அந்நொடிகளில் அவர் தப்பி ஓட நினைக்கவில்லை. கண்ணியின் மேல் தம் உடலைக் கிடத்தினார். அவர் மாண்டார், தோழர்கள் பிழைத்தனர். மறைவுக்குப் பின்னர் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

எஃகுக் கவசம் இல்லாத இடத்தில் ஒரு தமிழன் தன் உடலையே கவசமாக்கினான். இதனைப் பெருமையோடு கூறும் நாம், இத்தகைய பெருமை இன்னொரு தாய்க்கு வேண்டாம் என்றும் கூற வேண்டுமன்றோ! வீரத்தைப் பாடுவது எளிது. வீரத்தைத் தேவையற்றதாக்கும் கருவியையும் ஒழுங்கையும் அமைப்பதே அரசின் கடமை.

பசந்தர் ஆற்றங்கரை

விடுதலை பெற்ற இந்தியாவும் இப்பாடத்தைக் களத்திற் கற்றது. 1971-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மேற்கு எல்லையின் சகர்கட் பகுதியில் நம் படை முன்னேறியது. பசந்தர் ஆற்றைக் கடந்து காலாட்படையினர் அக்கரையிற் கால் ஊன்றினர். அவர்களுக்கு டாங்கிகள் துணை சேர வேண்டும். இடையே பரந்த கண்ணிவெடிப் புலம். பாதை திறக்கும் பணி 9-ஆம் பொறியியல் ரெஜிமெண்டைச் சேர்ந்த சென்னை சாப்பர்களிடம் இருந்தது. பணி பாதியளவே முடிந்த வேளையில், எதிரி டாங்கிகள் திரளுகின்றன என அக்கரையிலிருந்து அவசரச் செய்தி வந்தது. முழுப்பாதை திறக்கும்வரை காத்திருந்தால் அக்கரையில் நின்றோர் அழிவர். ஆகவே, பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டின் டாங்கிகள் திறந்தும் திறவாத அப்புலத்தினூடே துணிந்து சென்றன. டிசம்பர் 16-ஆம் நாள் அங்கே நிகழ்ந்த டாங்கிப் போரில் 21 வயதே நிரம்பிய அருண் கேத்தர்பால் வீரமரணம் எய்திப் பரம் வீர் சக்கரம் பெற்றதை நாடறியும். அக்களத்திலேயே தம் சாப்பர்களை முன்னின்று நடத்தி உயிர் நீத்த மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரிக்கு மகா வீர் சக்கரம் வழங்கப்பட்டதை அறிந்தோர் சிலரே. டாங்கி வீரனின் புகழ் டாங்கியின் ஒலியோடு பரவுகின்றது. பாதை திறந்தவனின் புகழோ பாதையின் கீழே தங்கிவிடுகின்றது.

அதன் பின்னர் நம் நாட்டிலேயே இவ்வகை வண்டிகளை ஆக்கும் முயற்சி வளர்ந்தது. சென்னையை அடுத்த ஆவடியில் 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. அந்த டாங்கியின் அடித்தளத்தை நீட்டி, அதன் மேற் பாலம் சுமக்கும் 'கார்த்திக்' என்னும் வண்டி அமைக்கப்பட்டது. பின்னர் டி-72 டாங்கியின் மேலும் பாலம் ஏறிற்று. கண்ணிகளைக் கிளறி ஒதுக்கும் கலப்பைகளும் உருளைகளும் டாங்கிகளின் முன்னே பூட்டப்பட்டன. ஆற்றின் ஆழத்தையும் கரையின் உறுதியையும் கவசத்தினுள் இருந்தவாறே அளந்தறியும் பொறியியல் ஆய்வு வண்டி 2021-ஆம் ஆண்டிற் புனேயில் நம் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறுவர் வினவிய 'பாலம் சுமந்த டாங்கி'யின் குலமரபு இதுவேயாம்.

நிறைவுரை

ஆகவே, சிறுவரின் வினாவிற்கு நாம் கூறும் விடை இது: பாலம் டாங்கியின் முதுகில் ஏறியது, அதனைச் சுமந்து சென்ற மனிதர் பலர் வழியிலேயே வீழ்ந்தமையால். முன்னே செல்பவனுக்குப் பின்னே வருபவனுக்குள்ள காப்பேனும் இருத்தல் வேண்டும். அவன் கருவிகள் ஓரிடத்திற் பேணப்பட்டு, வேண்டுமிடத்து முழுமையாக வழங்கப்படுதல் வேண்டும். திட்டமிடும் அவையில் அவன் சொல்லும் ஏறுதல் வேண்டும். இம்மூன்றும் டியப்பிலிருந்து பசந்தர் வரை குருதியால் எழுதப்பட்ட பாடங்கள்.

போர் ஓய்ந்த பின்னரும் கண்ணி ஓய்வதில்லை. ஏரோடு செல்லும் உழவனையும் ஆடு மேய்க்கும் சிறுவனையும் அது பகைவனென்றே கொள்ளும். அக்கண்ணிகளை நாள்தோறும் அகற்றும் பணியும் சாப்பரதே. போரில் மட்டுமன்றி அமைதியிலும் அவன் முன்செல்பவனாகவே இருக்கின்றான்.

மொழியும் முகமும் புதியனவாயிருந்த இவ்வூருக்கு முதன்முதலில் வந்து, வாடகை வீடு தேடி, பள்ளிக்கு வழி கேட்டு, பின்வந்த குடும்பங்களுக்கு இடம் அமைத்துத் தந்த நம் சங்கத்து முன்னோரும் ஒருவகையிற் பாதை திறந்தோரே. அவர்தம் உழைப்பின் மேல் நாம் இன்று இனிது நடக்கின்றோம். ஆண்டு விழா நாளில் அவர்களை நினைக்கும்போது, எல்லைகளில் மண்டியிட்டு மண்ணைத் துழாவி நமக்கு வழி செய்யும் தம்பிமாரையும் ஒருகணம் நினைப்போமாக. பாதை திறப்போர் நலமே இல்லம் திரும்புக!